சம்பந்தியார் தொப்பியைக் கழற்றியபோது

தம்பி, முதலில் சாப்பிடு, பிறகு இதை வாசி. பாதி வாசித்துவிட்டுப் போனால் உனக்குச் சோறு இறங்காது. ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் ஆங்கிலமென்றால் நீ கண்ணை ஓடவிட்டு, அடுத்த வரிக்கு வருமுன்னே மறுமொழியை ஆயத்தப்படுத்திவிடுவாய்; உன் படிப்பு அப்படி. தமிழை நீ இன்னும் சனிக்கிழமை வகுப்பில் படித்ததுபோல எழுத்துக் கூட்டி, உதடு அசைய அசையத்தான் வாசிப்பாய். ஒரு தடவையாவது நான் சொல்வதை நீ மெதுவாகக் கேட்க வேண்டும். திங்கட்கிழமை அந்தப் பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வருகிறார். நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் ஹனாவின் ஊரில் அந்த நரி செத்தபோது நான் என்ன கண்டேன் என்று கேட்கப் போகிறார். அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நேற்று ரெலிபோனில் நீ சொல்லித் தந்தாய். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "மழை வருது, உடுப்பு எடுக்கவேணும்" என்று வைத்துவிட்டேன். மழை வரவில்லை. நேற்றுச் சொல்லாமல் விட்ட பதில் இது.

உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவரும் இல்லாமல், நீ மூச்சு விடுகிறாயா என்று உன் மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தே உன்னை வளர்த்தேன். உன்னைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். உனக்குப் பல் முளைத்த கிழமையில்தான் எனக்குப் பரீட்சை. இப்போதும் "வந்திட்டன்" என்று நீ ஒரு மெசேஜ் போடும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. "அம்மா, எனக்கு இருபத்திமூண்டு வயசு. ரோட்டுக் கடக்கத் தெரியும்" என்று நீ சிரிப்பாய். தெரியும், ராசா. எனக்குத்தான் பயப்படாமல் இருக்கத் தெரியாது. இதையும் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

செவன் கிங்ஸ் வீட்டுக்கு நாங்கள் மாறிவந்த வருடம் உனக்கு ஞாபகம் இருக்கும். பின்வளவில் குப்பைத் தொட்டியைச் சரித்துவிட்டு ஒரு நரி கோழி எலும்பு கடித்துக்கொண்டு நின்றது. நான் கத்தினேன். நீ ஓடிவந்து கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, "சத்தம் போடாதேங்கோ அம்மா, அதுக்குப் பசிக்குது" என்றாய். அதன்பிறகு கோழிக்கறி வைத்த நாளெல்லாம் உன் கோப்பையில் எலும்போடு கொஞ்சம் இறைச்சியும் மிஞ்சும். "இவன் நரிக்கு ஸ்பொன்சர் பண்ணுறான். பார், அது சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிடப் போகுது" என்பார் அப்பா. பிறகு பள்ளிக்கூடத்தில் விவாதம் வைத்தார்கள்: நரிவேட்டையைத் தடைசெய்தது சரியா, பிழையா. உனக்குக் கிடைத்தது பிழை என்ற பக்கம். பஸ்ஸில் வழிநெடுக அழுதாய். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, ஆட்டுக்குட்டியை இழந்த விவசாயி, பரம்பரையாக நாய் பழக்குகிறவன், நகரத்தில் இருந்துகொண்டு கிராமத்துக்குச் சட்டம் போடுகிறவர்கள் என்று ஒவ்வொன்றாக எழுதி, கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகி, வென்றும் விட்டாய். வென்றவன் முகம் மாதிரி அது இருக்கவில்லை. "அம்மா, ரெண்டு பக்கமும் கதைக்க ஏலுது" என்று, ஏதோ பெரியவர்கள் மறைத்துவைத்திருந்ததைக் கண்டுபிடித்தவன்போலச் சொன்னாய். நீ சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஹனாவை நீ கூட்டிவந்த நாளில் நான் என்னென்ன எண்ணிப் பயந்தேன் என்று இப்போது சொன்னால் வெட்கம். அவள் இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் நூல்மாதிரிச் சுற்றப் பார்த்து, முடியாமல், கரண்டியை வைத்துவிட்டுக் கையால் குழைத்தாள். அடுத்தமுறை வரும்போது "ஓம் அம்மா, இன்னும் கொஞ்சம்" என்றாள். "எங்கட பிள்ளையளை விட வடிவா ஓம் சொல்லுறாள்" என்று அப்பா கரைந்துபோனார். நான் அதற்கு முன்பே கரைந்துவிட்டேன், காட்டிக்கொள்ளவில்லை. ஆவணியில் கலியாணம் என்று முடிவானதும் அவளுடைய அப்பா றிச்சர்ட் எங்களை நத்தாருக்கு வரச் சொன்னார். மனைவி கண்ணை மூடியபின் மேற்கே அந்தப் பண்ணையில் தனியாக இருக்கிற மனிதர். சம்பந்தியார் வீடு என்று உன் அப்பா புது ஜாக்கெட் வாங்கி, கடைசியில் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் மாற்ற முடியாமல் நின்றுவிட்டார். ஜாக்கெட் இன்னும் விலைத்துண்டோடு அலுமாரியில் தொங்குகிறது.

அந்த வீட்டில் ஒரு குறை நான் காணவில்லை, தம்பி. அதைத்தான் நீ முதலில் நம்ப வேண்டும். சேறென்று தெரிந்து, எனக்கென்று வாசலில் ஒரு சோடி றப்பர் பூட்ஸ் துடைத்து வைத்திருந்தார் றிச்சர்ட். அவருடைய மனைவியின் பூட்ஸ். கால் சரியாகப் பொருந்தியதைக் கண்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலை ரீ ஊற்றித் தந்துகொண்டே ஊர்ச் சதுக்கத்தில் குதிரைகளும் நாய்களும் கூடுவதைப் பார்க்கப் போகலாம் என்றார். நான் நரி என்று இழுத்தேன். அவர் சிரித்தார். சட்டம் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது, நாயை விட்டு நரியைத் துரத்துவதெல்லாம் முடிந்த கதை. ஒருவன் நரிவாசம் ஏற்றிய துணியை முன்னால் இழுத்துக்கொண்டு போவான், நாய்கள் அந்தத் தடத்தில் ஓடும், பின்னால் குதிரைகள் ஓடும், அவ்வளவுதான் என்றார். அதையும் அரசாங்கம் நிறுத்தப்போவதாகச் சொல்கிறது என்று ஹனா சொன்னபோது அவருடைய குரல் தாழ்ந்துவிட்டது. "அப்படியென்றால் என் பண்ணையில் வளர்கிற இந்த நாய்களை நான் எங்கே கொண்டுபோய் விடுவது?" என்றார். பிறகு எங்களைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று தன் சின்ன வயதுக் கதை சொன்னார். அந்தக் காலத்தில் நரியை முதலில் காண்கிறவன் தொப்பியைக் கழற்றி, அது ஓடுகிற பக்கம் நீட்டிப் பிடித்து, ஒரு கூவல் கூவ வேண்டுமாம். இவர் பக்கத்து வீட்டுச் செம்பட்டைப் பூனையைக் கண்டு கூவ, வேட்டை முழுக்க அதன் பின்னால் போய், அந்த வீட்டுக்காரி தும்புத்தடியோடு வெளியே வந்தாளாம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

பிறகு அந்த வயல். அதன் வாசல் படலையடியில் றிச்சர்ட்டும் நானும் நின்றோம். முழங்கால் வருத்தத்தால் அவர் இப்போது குதிரை ஏறுவதில்லை. எங்களுக்குப் பின்னால் நீயும் ஹனாவும். நான் என் பிறந்தநாளுக்கு நீ வாங்கித் தந்த குங்குமச் சிவப்புச் சால்வையைப் போர்த்தியிருந்தேன். துணி இழுத்துக்கொண்டு போனவன் எதிர்மேட்டுக்கு அப்பால் போய்விட்டதாக றிச்சர்ட்டே காட்டினார். குதிரைகளும் நாய்களும் அங்கேதான் நின்றன. அப்போது எங்கள் பக்கத்து வேலிக்குள்ளிருந்து அது வந்தது. எங்கள் வளவு நரியைவிட ஒல்லி. வால் நனைந்து பாரமாகி நிலத்தில் இழுபட, எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு, ஓடக்கூட இல்லை, ஓடைப் பக்கமாக விரைந்து நடந்தது. றிச்சர்ட் தொப்பியைக் கழற்றினார். கையை நீட்டி அதை உயர்த்திப் பிடித்து, நீளமாக ஒரு கூவல் கூவினார். தூரத்தில் தெரிந்தவர் யாருக்கோ வணக்கம் சொல்கிறார் என்று நினைத்தேன், தம்பி. பக்கத்தில் நின்றுகொண்டு சும்மா இருந்தால் மரியாதை இல்லையே என்று நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். சிரித்துக்கொண்டு ஆட்டினேன். மேட்டில் நின்றவன் குழல் ஊதினான். நாய்கள் திரும்பின. அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். ஓடைக்கரையில் அந்தச் சத்தம் நிற்கும்வரை ஹனா உன் ஜாக்கெட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். நீ அவள் தலைக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாய். றிச்சர்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு, நாய்கள் தங்கள் பாட்டில் திரும்பிவிட்டன, விபத்து, சில நேரம் இப்படி நடந்துவிடும் என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலிலிருந்த பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அன்று பின்னேரம் ஹனாவை அங்கே விட்டுவிட்டு நாம் இருவரும் காரில் திரும்பினோம். மோட்டர்வேயில் ஏறியபிறகு நான் கேட்டேன், "தம்பி, அவர் ஆருக்குக் கை காட்டினவர்?" நீ வைப்பரைப் போட்டாய். மழை இல்லை. "அம்மா, காலமை அவர் பூனைக் கதை சொன்னவர் எல்லோ" என்றேன். "அம்மா, ப்ளீஸ்" என்றாய். அவ்வளவுதான். லண்டன் வரும்வரை கண்ணாடியில் அந்த இரண்டு தடியும் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே வந்தன. நீயும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. நீயும் கண்டிருக்கிறாய் என்று நான் அப்போதுதான் கண்டுகொண்டேன்.

தெருவில் நின்று அன்றைய வேட்டையைக் கமராவில் பிடித்த பெண்ணின் வீடியோவில் மரம் மறைத்து றிச்சர்ட் விழவில்லை. நீயும் ஹனாவும் விழவில்லை. சிவப்புச் சால்வையும், ஆடுகிற என் கையும் விழுந்திருந்தன. அதைப் பார்த்த யாரோ, இந்தியப் பொம்பிளை ஒருத்தி நாய்களுக்கு நரியைக் காட்டிக் கொடுக்கிறாள் என்று எழுதினார்களாம். நீதான் எனக்குக் காட்டினாய்; நான் வாசிக்குமுன் கையால் மறைத்தும் விட்டாய். ஊராரிடம் விசாரித்து, சால்வைக்காரி யாரென்று கண்டுபிடித்து, பொலிஸ் எனக்கு ரெலிபோன் எடுத்தது. மிகவும் மரியாதையான பிள்ளை. நான் குற்றவாளி இல்லையாம், சாட்சியாம். அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "இஞ்சேரும், உமக்கென்ன விசரே? அவையள் குதிரையில ஏறினால் என்ன, கழுதையில ஏறினால் என்ன? அது அவையின்ர ஊர்ச் சண்டை. பிள்ளையின்ர கலியாணம் பெரிசோ, நரி பெரிசோ?" என்றார். "நீர் ஆட்டிறைச்சி தின்னுறனீர்தானே?" என்று பிறகும் கேட்டார். ஓம், தின்கிறேன். நான் அந்த நரிக்குச் சொந்தக்காரி இல்லை. றிச்சர்ட்டைவிட நான் நல்ல மனுசி என்றும் சொல்ல வரவில்லை.

நேற்று நீ சொல்லித் தந்ததை அப்படியே எழுதுகிறேன், நீயே வாசித்துப் பார். "அம்மா, சிம்பிள். குதிரையில ஆக்களைக் கண்டன், கை காட்டினன். நாயளைக் கண்டன். வேறை ஒண்டும் கவனிக்கேல்லை. அதில ஒரு பொய்யும் இல்லை." அவர் தொப்பி கழட்டினது என்று நான் கேட்டேன். "அதை அவை கேக்கமாட்டினம். கேக்காததை நீங்களாச் சொல்லத் தேவையில்லை" என்றாய். கேட்டால் என்றேன். நீ இருக்கும் அறையில் ஹீட்டர் இரைகிற சத்தம் கேட்டது. "கேட்டால், காணேல்லை எண்டு சொல்லுங்கோ."

காணேல்லை. உன் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் நான் மழை என்று பொய் சொல்லிவிட்டு ஓடினேன். உன் மாமாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது ஒரு படமும், வருடத்தில் ஒருநாள் நான் வைக்கிற விளக்கும்தான். சண்டைக் காலத்தில், ஊரில், அண்ணை ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்தபோது சந்தியில் ஒரு வான் வண்டி வந்து நின்றது. பட்டப்பகல். சங்கக்கடையில் சீனிக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தையல்காரர் மெசினில் இருந்தார். வான் போனபின் சைக்கிள் மட்டும் கிடந்தது. என் அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படலையாகப் போனா. என்ன நிறம், எத்தனை பேர், எந்தப் பக்கம் திருப்பினார்கள்; அதை மட்டும் சொன்னால் போதும், எங்கே போய்க் கேட்பது என்றாவது தெரியும் என்றா. "காணேல்லை அக்கா." "நான் உள்ளுக்க நிண்டனான் அக்கா." தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார், "நான் குனிஞ்சு தைச்சுக்கொண்டிருந்தனான் பிள்ளை." நூல் ஊசிக்குள் போகவே இல்லை. அவர்களை நான் வெறுக்கவில்லை, தம்பி. எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. வாயைத் திறந்திருந்தால் அந்த வான் திரும்பி வந்திருக்கும். ஆனால் என் அம்மா தன் கடைசி நாள்வரை அண்ணையைக் கொண்டுபோனவர்களைத் திட்டியதைவிட, அந்த வரிசையில் நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுததுதான் கூட.

அண்ணையும் அந்த நரியும் ஒன்றென்று சொல்வதாக நினைத்துவிடாதே. அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்வது என்னைப் பற்றி. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு உயிர்ப்பயம் இருந்தது. எனக்கு என்ன இருக்கிறது? ஒரு பொலிஸ்காரப் பிள்ளை ரீ குடித்துக்கொண்டு, தயவுசெய்து என்று என்னைக் கேட்கப் போகிறது. வான் வராத நாட்டில் இருந்துகொண்டு, நான் கண்ட ஒன்றைக் காணேல்லை என்று சொன்னால், என் அம்மா தட்டிய படலைகளில் ஒன்று எங்கள் செவன் கிங்ஸ் வீட்டுப் படலையாகிவிடும். நரிவேட்டை சரியா பிழையா என்று நீ இரண்டு பக்கமும் பேசு. உன்னால் முடியும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தத் தொப்பி கையில் உயர்ந்ததற்கு இரண்டாவது பக்கம் இல்லையே, ராசா.

அதனால் திங்கட்கிழமை நான் சொல்லப் போகிறேன். கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். எனக்கு அவர் துடைத்துத் தந்த பூட்ஸையும் சொல்வேன், அவர் நல்ல மனிதர் என்றும் சொல்வேன். அதை அவர்கள் எழுதிக்கொள்வார்களோ தெரியாது. சிறைக்குப் போகிற குற்றமில்லை, தண்டப்பணத்தோடு முடியும் என்று நீதான் சொன்னாய். ஆனால் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடந்த ஒருவரை என் வாய் குனியவைக்கப் போகிறது. உன்னிடம் கேட்பது இரண்டுதான். உன்னை யாரும் கேட்கவில்லை என்பதற்காக, நீ கண்டதை ஹனாவிடம் மறைத்துவைத்துக்கொண்டு அவள் கழுத்தில் தாலி கட்டாதே. அவள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள், தொப்பியைக் காணவில்லை. ஒருநாள் உன்னிடம் கேட்பாள், அன்றைக்கு நீ என்ன வைப்பரைப் போடுவாய்? மற்றது, நான் சொன்னபிறகு நீ றிச்சர்ட்டிடம் போ. என்னோடு கோபமென்றால் என்னிடம் வராதே, அவரிடம் போய் ஒரு கிழமை இரு. அந்த வீட்டில் அவருக்கு ரீ ஊற்றிக் கொடுக்க ஆளில்லை.

முந்தநாள் ஹனா எனக்கு ரெலிபோன் எடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பிளவுஸ் அளவு மட்டும் கேட்டாள். வைக்கிற நேரம், "அம்மா, நீங்கள் நல்லா இருக்கிறீங்களோ?" என்றாள், நீ சொல்லிக்கொடுத்த தமிழில். நான் ஓம் என்றேன். அவளுக்கு நான் சொன்ன ஒரேயொரு பொய் அது.

கலியாண நாள் காலையில் மாப்பிள்ளைக்குப் பாலறுகு வைக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பாலில் தோய்த்த அறுகம்புல்லைத் தலையில் வைத்துத்தான் குளிக்க வார்ப்பது. மாமா இருந்திருந்தால் அவனும் முன்னுக்கு நின்றிருப்பான். அவன் இல்லாத இடத்திலும் சேர்த்து நானே வைப்பதென்று, தை மாதமே பின்வளவில் ஒரு சட்டியில் அறுகு போட்டேன். நரி இரண்டுதரம் கிண்டிவிட்டது. அப்பா செருப்பை எறிந்தார். நான் மண்ணைத் திரும்ப அள்ளிப்போட்டு, வேரை அழுத்திவிட்டேன். பிடித்துவிட்டது, இன்றைக்கும் தண்ணீர் ஊற்றினேன். ஆவணியில் கலியாணம் நடக்குமோ, நடந்தால் எனக்குச் சொல்வாயோ, எனக்குத் தெரியாது. ஒன்று தெரியும். பாலறுகு வைக்கையில் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டுதான் இருக்க வேண்டும், வைக்கிறவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. நீ என்னைப் பார்க்க வேண்டாம், தம்பி. குனிந்தால் போதும்.

அம்மா